நிலா விழாமல் இருப்பது காந்தத்தாலா?

செம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவர் மாமா ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தாராம். ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, காந்தம் வெளியே தள்ளுகிறது, இரண்டும் சரிக்குச் சரி நிற்பதால்தான் நிலா விழாமலும் ஓடிப்போகாமலும் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறதாம். நியூட்டனும் ஐன்ஸ்டைனும் பாதியைத்தான் பார்த்தார்களாம். "இதே மாதிரி வேறு மாற்றுக் கொள்கைகளும் உண்டா சார்? எது தேறும், எது தேறாது என்று ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும், தம்பி. மும்பையில் முப்பது வருடம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வருடம் ஒருமுறையாவது வந்துவிடும். மாமா கொடுத்த புத்தகம் தேறாது. ஆனால் அந்த எண்ணம் முட்டாள்தனமானது அல்ல. பெரிய பெரிய ஆட்கள் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எப்படித் தொட்டார்கள், எப்படி விட்டார்கள் என்பதுதான் சொல்ல வேண்டிய கதை.

முதலில் அடுப்படிக்கு வாருங்கள். லாமிங்டன் ரோட்டில் பழைய ஸ்பீக்கர் பாகங்கள் விற்கும் கடையில் இரண்டு வளையக் காந்தம் வாங்கினேன். ஒவ்வொன்றும் 41 கிராம். ஒரு பென்சிலை ரப்பர் துண்டில் குத்தி நிறுத்தி, ஒரு வளையத்தை அதில் மாட்டினேன். இரண்டாவதை, ஒத்த முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி மேலே மாட்டினேன். மேல் வளையம் இரண்டு விரல்கடை உயரத்தில் அந்தரத்தில் நின்றது. ஈர்ப்பு கீழே இழுக்கிறது, காந்தம் மேலே தள்ளுகிறது, சமநிலை. புத்தகம் சொல்வது அப்படியே கண்ணெதிரே! அப்புறம் இதை மொத்தமாக என் மனைவி கேக் செய்ய வைத்திருக்கும் எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். மேல் வளையம் இல்லாமல் 53 கிராம் காட்ட வேண்டும், அந்தரத்தில் மிதக்கும் வளையத்தோடு 94.

முதல் தடவை என்ன காட்டியது தெரியுமா? 53 வர வேண்டிய இடத்தில் 61. ஒரு நிமிஷம் எனக்கே நெஞ்சு படபடத்தது. தராசைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பேட்டரி. அதன் உறை இரும்பு. கீழ் வளையம் அதை இழுத்துக்கொண்டு தட்டை அழுத்தியிருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்து, காந்தங்களைப் பேட்டரியிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயர்த்தினேன். 53 வந்தது. மேல் வளையத்தை மாட்டியதும் 94. மிதக்கிற வளையத்தின் எடை எங்கேயும் போகவில்லை. மேல் வளையத்தைக் கீழ் வளையம் எவ்வளவு மேலே தள்ளுகிறதோ அவ்வளவு கீழ் வளையம் கீழே தள்ளப்படுகிறது. தராசு மொத்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இப்போது பென்சிலை உருவிவிடுங்கள். மேல் வளையம் ஒரு கணம்கூட நிற்காது. சறுக்கி, குட்டிக்கரணம் போட்டு, மற்றதன் மேல் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். இது நம் கைத்திறமைக் குறைவு இல்லை. 1842-இல் சாமுவேல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயர் கணிதத்தால் நிரூபித்த விஷயம். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் விசைகளை எப்படி அடுக்கினாலும், அசையாத பொருள்களுக்கு நிலையான சமநிலை கிடைக்காது. எந்தப் பக்கமாவது வழுக்கும். ஈர்ப்பையும் நிலைக்காந்தத்தையும் சேர்த்துக்கொண்டாலும் அதே கதிதான். விளையாட்டுக் கடைகளில் அந்தரத்தில் சுழலும் காந்தப் பம்பரம் இருக்கிறதே, அது சுழல்வதால் தப்பிக்கிறது. சுழற்சி குறைந்ததும் விழுந்துவிடும். 1997-இல் நெதர்லாந்தில் உயிருள்ள தவளையைச் சுமார் 16 டெஸ்லா காந்தப்புலத்தில் மிதக்கவிட்டார்கள். அதுவும் எர்ன்ஷாவின் விதியை உடைக்கவில்லை. தண்ணீர் காந்தப்புலத்தை லேசாக வெறுக்கும் பொருள், அந்த வகைக்கு விதிவிலக்கு உண்டு. 16 டெஸ்லா எவ்வளவு என்றால், நம் பூமியின் புலத்தைப் போல மூன்று லட்சம் மடங்கு. ஒரு தவளைக்கு!

சரி, நிலாவுக்கு வருவோம். புத்தகத்தின் அடிப்படைத் தவறு காந்தத்தில் இல்லை, "சமநிலை" என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு பொருள்மேல் இரண்டு விசை எதிரெதிராகச் சரிசமமாக இருந்தால், நிகர விசை பூஜ்யம். நிகர விசை பூஜ்யமானால் அது நேர்கோட்டில் போகும். நிலா நேர்கோட்டில் போகவில்லை, வளைந்து வளைந்து வருகிறது. அப்படியானால் அதன்மேல் சமன்படாத விசை ஒன்று இருந்தே தீர வேண்டும். எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. நிலா பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. அங்கே ஈர்ப்பு 60-இன் வர்க்கம், அதாவது 3,600 மடங்கு குறைவு. கணக்குப் போட்டால், ஒரு வினாடியில் நிலா பூமியை நோக்கி 1.36 மில்லிமீட்டர் விழ வேண்டும். அதே வினாடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் போய்விடுகிறது. வானத்தில் அளந்து பார்த்தால் அதன் பாதை நேர்கோட்டிலிருந்து அதே 1.36 மில்லிமீட்டரை ஒட்டித்தான் விலகுகிறது. கணக்கு முடிந்துவிட்டது. காந்தத்துக்கு என்று மிச்சம் வைக்க ஒரு துளி இடமில்லை. வெளியே தள்ளும் விசை ஒன்றை உள்ளே நுழைத்தால், சரியாக வரும் கணக்கு தப்பாகிவிடும்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிப் பழி பள்ளிப் பாடத்துக்கு. "மையநோக்கு விசையும் மையவிலக்கு விசையும் சமன் செய்கின்றன" என்று நாம் எல்லோரும் உருப்போட்டிருக்கிறோம். நானே முதல் சில வருடம் அப்படித்தான் நடத்தினேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். லோக்கல் ரயில் வளைவில் திரும்பும்போது வாசல் பக்கம் நம்மை யாரோ தள்ளுவது போல இருக்கும். யாரும் தள்ளவில்லை. நாம் நேராகப் போகிறோம், ரயில் பெட்டி திரும்புகிறது. பெட்டிக்குள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவனுக்கு மட்டும் அந்த வெளித்தள்ளல் தேவைப்படுகிறது. அந்தக் கற்பனைத் தள்ளலுக்குத்தான் "காந்தம்" என்று பெயர் வைத்துவிட்டது உங்கள் மாமாவின் புத்தகம்.

இனி அந்த எண்ணத்தைத் தொட்டுப் பார்த்த ஆட்கள். 1581-இல் லண்டனில் ராபர்ட் நார்மன் என்ற திசைகாட்டி செய்பவர், பழைய கப்பல்காரர், இரும்புத் துண்டுகளைத் தங்கம் நிறுக்கும் தராசில் போட்டு, காந்தம் ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்தார். எடை மாறவே இல்லை. ஊசியைத் தக்கையில் கோத்துத் திரவத்தில் மிதக்கவிட்டும் பார்த்தார். அது வடக்கு நோக்கித் திரும்பியது, ஆனால் வடக்கு நோக்கி நகரவில்லை. நீங்களும் ஒரு கிண்ணத்தில் செய்து பாருங்கள். பூமியின் காந்தப்புலம் ஊசியை முறுக்கும், இழுத்துக்கொண்டு போகாது. ஊசியையே இழுக்காதது நிலாவைத் தள்ளும் என்றால் எப்படி?

அதற்குப் பிறகு 1600-இல் வில்லியம் கில்பர்ட் பூமியே ஒரு பெரிய காந்தம் என்றார். அதைப் படித்து மயங்கியவர் கெப்ளர். 1609-இல் வந்த அவருடைய நூலில் உங்கள் புத்தகத்தின் கொள்கை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, ஆனால் பத்து மடங்கு புத்திசாலித்தனமாக. சூரியனிலிருந்து கிளம்பும் ஒரு சக்தி கோள்களைச் சுற்றித் தள்ளுகிறது. ஒவ்வொரு கோளும் ஒரு காந்தம். அதன் ஒரு முனைக்குச் சூரியன் சிநேகம், மறுமுனைக்குப் பகை. சிநேக முனை சூரியனைப் பார்க்கும்போது கோள் கிட்டே வரும், பகை முனை பார்க்கும்போது எட்டிப்போகும், அதனால் பாதை நீள்வட்டம். அழகாக இல்லை? காரணம் தப்பு, ஆனால் நீள்வட்டம் சரி. சூரியன் தன்னைத்தானே சுற்ற வேண்டும் என்றும் அவர் இதிலிருந்து முடிவு கட்டினார். கொஞ்ச நாளில் தொலைநோக்கியில் சூரியப்புள்ளிகள் நகர்வதைப் பார்த்து, சுற்றத்தான் செய்கிறது என்று கண்டார்கள். தப்பான கொள்கையும் சில சமயம் சரியான இடத்தைச் சுட்டிக்காட்டும்.

நியூட்டன் 1687-இல் இந்தக் கதவைச் சாத்தினார். அவர் சொன்ன காரணம்தான் இந்தப் பதிலிலேயே முக்கியமானது. ஈர்ப்பு பொருளின் நிறைக்கு நேர்விகிதம். காந்த விசை அப்படி இல்லை. ஒரே இரும்பு அதிகமாகவும் குறைவாகவும் காந்தமாக்கப்படலாம், பல பொருள்களைக் காந்தம் கண்டுகொள்வதே இல்லை, தூரத்தோடு அது குறையும் விதமும் வேறு. நம்ம பாஷையில் சொன்னால், ஈர்ப்பு எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தும் ரேஷன் கடை. காந்தம் ஆள் பார்த்துப் பழகும். பித்தளைக் குடத்தையும் இரும்புக் குடத்தையும் ஈர்ப்பு ஒரே முடுக்கத்தில் இழுக்கிறது, காந்தத்துக்கு முதலாவது யாரோ, இரண்டாவது உறவு. இப்படிப்பட்ட இரண்டு பேர் தராசின் இரண்டு தட்டில் எப்போதும் சமமாக நிற்பது எப்படி? ஏதோ ஓரிடத்தில், ஏதோ ஒரு பொருளுக்கு, தற்செயலாகவோ நாம் ஏற்பாடு செய்தோ நிற்கலாம். பிரபஞ்சம் முழுக்க, எல்லாப் பொருளுக்கும், நிற்க வழியே இல்லை. வெள்ளிக் கோளுக்குச் சொந்தக் காந்தப்புலம் இல்லை, நிலாவுக்கும் இன்று முழுமையான புலம் கிடையாது. இரண்டும் ஒழுங்காகத்தான் சுற்றுகின்றன.

மும்பைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சாட்சி இருக்கிறது. கொலாபாவில் 1826-இல் தொடங்கிய வானாய்வகத்தில் 1840-களிலிருந்து பூமியின் காந்தப்புலத்தை அளந்து வந்தார்கள். 1859 செப்டம்பர் தொடக்கத்தில் சூரியனிலிருந்து வரலாறு காணாத காந்தப்புயல் அடித்தது. கொலாபாக் கருவியில் கிடைத்தளப் புலம் 1,600 நானோடெஸ்லா அளவுக்குச் சரிந்தது. இங்கே மொத்தப் புலமே 40,000-ஐ ஒட்டித்தான், ஆக ஏறக்குறைய நாலு சதவீதம். புத்தகம் சொல்வது போல ஈர்ப்பும் காந்தமும் சரிசமமான மல்லர்கள் என்றால், ஒருவர் நாலு சதவீதம் தளர்ந்ததும் என்ன நடந்திருக்க வேண்டும்? அறுபது கிலோ ஆள் இரண்டரை கிலோ கூடுதலாகக் கனத்திருக்க வேண்டும். அது கூடப் போகட்டும், யாரும் அன்றைக்கு எடை பார்த்திருக்க மாட்டார்கள். ஊசல் கடிகாரம் சும்மா இருக்குமா? ஈர்ப்பு நாலு சதவீதம் மாறினால் ஊசல் இரண்டு சதவீதம் வேகமாக ஆடும், மணிக்கு 72 வினாடி பிசகும். வானாய்வகங்களின் உயிரே ஊசல் கடிகாரம்தான். கப்பல்களுக்கு நேரம் சொல்வது கொலாபாவின் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அன்றைக்கு உலகம் முழுக்கத் தந்திக் கம்பிகள் தீப்பொறி கக்கியது பதிவாகியிருக்கிறது. கடிகாரங்கள் ஓடிய ஓட்டம் மாறவில்லை.

பிற்பாடு மும்பைக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் அளவீட்டையே 1904-இல் அலிபாகுக்கு மாற்றிவிட்டார்கள். மின்சாரம் ஓடினால் காந்தப் பதிவு கெடும் அல்லவா? இரும்பு இல்லாமல் கட்டிய கட்டடத்தில் இன்றும் அங்கே அளக்கிறார்கள். மாண்ட்வா படகில் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள், அது வேறு விஷயம்.

இரும்பை விலக்கி வைப்பது என்றதும் கேவண்டிஷ் ஞாபகம் வருகிறார். 1798-இல் பெரிய ஈயக் குண்டுகள் சின்னக் குண்டுகளை இழுக்கும் மெல்லிய விசையை முறுக்குத் தராசில் அளந்து, பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல ஐந்தரை மடங்கு என்று சொன்னவர். குண்டுகளைத் தொங்கவிட்ட இரும்புக் கம்பிகள் காந்தமாகி ஏமாற்றுகின்றனவோ என்று சந்தேகப்பட்டு, செம்புக் கம்பியாக மாற்றிப் பார்த்தார். என் பேட்டரி விவகாரத்துக்கும் அவருடைய கம்பி விவகாரத்துக்கும் இருநூறு வருட இடைவெளி. ஈர்ப்பை அளக்கிறவனுக்குக் காந்தம் ஒரு எதிர்விசை இல்லை, ஒரு தொல்லை.

ஃபாரடே வேறு மாதிரி. ஈர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் ஏதோ உறவு இருந்தே ஆக வேண்டும் என்று நம்பினார். கம்பிச் சுருள் வழியாகப் பொருள்களைக் கீழே போட்டு, மின்னோட்டம் பிறக்கிறதா என்று பார்த்தார். பிறக்கவில்லை. நம்பிக்கை போகவில்லை என்றாலும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று நேர்மையாக 1851-இல் வெளியிட்டார். அவர் காலத்தில் இத்தாலியர் மொசோட்டி வேறொரு வழி சொல்லியிருந்தார். எதிரெதிர் மின்னூட்டங்களின் கவர்ச்சி, ஒத்த மின்னூட்டங்களின் விலக்கலைவிட ஒரு மயிரிழை அதிகம், அந்த மிச்சம்தான் ஈர்ப்பு. சமநிலையின் சின்னக் கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மின்விசையை உலோகக் கூண்டு தடுக்கும், ஈர்ப்பைத் தடுக்க இதுவரை ஒரு கூண்டும் இல்லை. மின்னூட்டமே இல்லாத ஒளிகூடச் சூரியன் பக்கத்தில் வளைகிறது என்று 1919 கிரகணத்தில் பார்த்த பிறகு இந்த வழி இன்னும் இடுங்கிவிட்டது.

எனக்குப் பிடித்த கதை பேட்ரிக் பிளாக்கெட்டுடையது. 1948-இல் நோபல் வாங்கியவர், மான்செஸ்டரில் இருந்தார். பூமி, சூரியன், கன்னி ராசியில் ஒரு நட்சத்திரம், மூன்றின் காந்தத் திறனையும் சுழற்சி அளவையும் எடுத்து வகுத்துப் பார்த்தால், விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகிறது. அந்த விகிதத்தை ஈர்ப்பு மாறிலியின் வர்க்கமூலத்தையும் ஒளியின் வேகத்தையும் வைத்து எழுத முடிகிறது. அப்படியானால், எந்தப் பொருள் சுழன்றாலும், நிறை இருப்பதாலேயே, ஒரு காந்தப்புலம் பிறக்குமோ? 1947-இல் இதைச் சொன்னபோது பரபரப்பு. ஈர்ப்பையும் காந்தத்தையும் கட்டிப்போடும் கயிறு கிடைத்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள்.

பிளாக்கெட் என்ன செய்தார் என்று கவனியுங்கள். தன் கொள்கையைத் தானே கொல்லக்கூடிய சோதனையைத் தேடினார். கொள்கை சரி என்றால், சும்மா மேஜைமேல் இருக்கும் கனமான உருளைகூட, பூமியோடு சேர்ந்து சுழல்வதால், மிக மெல்லிய புலம் ஒன்றைக் காட்ட வேண்டும். அடர்த்தி அதிகம், காந்த அழுக்கு இல்லாதது என்றால் தங்கம்தான். இங்கிலாந்து அரசின் தங்கத்திலிருந்து 15 கிலோவுக்கு மேல் கடன் வாங்கி, பத்து சென்டிமீட்டர் உருளையாக்கி, வயல்வெளியில் ஆணி உட்பட இரும்பே இல்லாத மரக்குடிலில் வைத்து, உலகிலேயே நுண்மையான காந்தமானியைத் தானே கட்டி அளந்தார். ஒன்றும் இல்லை. இதற்கிடையில் சக ஆய்வாளர்கள் நிலக்கரிச் சுரங்கத்தின் ஆழத்தில் புலம் எப்படி மாறுகிறது என்று அளந்ததும் கொள்கைக்கு எதிராகவே வந்தது. 1952-இல் "எதிர்மறையான சோதனை" என்று தலைப்பிலேயே சொல்லிக் கட்டுரையை வெளியிட்டார். தங்கத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்!

கதை அதோடு முடியவில்லை. கையில் இருந்த காந்தமானியை என்ன செய்வது? பாறைகளை அளக்கலாமே என்று திரும்பினார். எரிமலைக் குழம்பு இறுகும்போது அந்த நேரத்துக் காந்தத் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவர் குழுவினர் 1950-களில் நம் தக்காணத்துக் கருங்கல்லை அளந்தார்கள். அந்தேரியில் கில்பர்ட் குன்று என்று செங்குத்தாக நிற்கிறதே, அந்த 6 கோடியே 60 லட்சம் வருடப் பாறையின் சொந்தக்காரப் பாறைகள்தான் இவை. அளவு சொன்ன சேதி, குழம்பு கொட்டியபோது இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது என்பது. கண்டங்கள் நகர்கின்றன என்பதற்குக் கிடைத்த வலுவான ஆதாரங்களில் ஒன்று. காலடியில் கிடக்கும் கல்லைக் கேள்வி கேட்கும் கருவி, செத்துப்போன ஒரு ஈர்ப்புக் காந்தக் கொள்கையின் வாரிசு. கர்ஜத்துக்கு அந்தப்பக்கம் ரயில் மலையேறும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும்.

இன்னொன்று லிட்டில்டன், போண்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959-இல் சொன்னது. இரண்டு புரோட்டான்களுக்கு இடையே மின்விலக்கல், ஈர்ப்பைப் போல ஒன்றுக்குப் பின் 36 சைபர் மடங்கு. அதனால் புரோட்டான், எலெக்ட்ரான் மின்னூட்டங்களில் ஒன்றுக்குப் பின் 18 சைபரில் ஒரு பங்கு அளவு வித்தியாசம் இருந்தாலே போதும், விலக்கல் ஈர்ப்பை மிஞ்சும், பிரபஞ்சம் விரிவதற்கு அதுவே காரணமாகலாம் என்றார்கள். எண் சொன்னார்கள், அதனால் உடனே சோதிக்க முடிந்தது. காப்பிட்ட பாத்திரத்திலிருந்து வாயுவை மெல்லக் கசியவிட்டு, பாத்திரத்தில் மின்னூட்டம் மிஞ்சுகிறதா என்று பார்த்தார்கள். மிஞ்சவில்லை. முடிந்தது.

ஒப்பிடச் சொன்னீர்கள் அல்லவா? கெப்ளர், பிளாக்கெட், போண்டி வகையறா "இந்த இடத்தில் இவ்வளவு வராவிட்டால் நான் தப்பு" என்று சொன்னார்கள். உங்கள் புத்தகத்தில் அப்படி ஒரு எண்ணைத் தேடிப் பாருங்கள். "சமநிலை" என்ற சொல் நாற்பது தடவை இருக்கும், டெஸ்லா, நியூட்டன் என்று ஒரு அலகு இருக்காது என்று நினைக்கிறேன்.

ஈர்ப்புக்கு இன்று பேசப்படும் மாற்றுக் கொள்கைகள் காந்தத்தைத் தொடுவதில்லை, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மில்குரோம் என்ற இயற்பியலர் 1983-இல் சொன்னது, மிகக் குறைந்த முடுக்கத்தில் நியூட்டன் விதியே மாறுகிறது என்பது. பல விண்மீன் மண்டலங்களின் சுழற்சிக்கு நன்றாகப் பொருந்துகிறது, மண்டலக் கொத்துகளுக்கு வரும்போது தடுமாறுகிறது. 1986-இல், தெரிந்த நாலு விசைகளுக்கு மேல் இன்னொன்றும் இருக்கலாம் என்று "ஐந்தாம் விசை" அலை அடித்தது. நம்ம கொலாபாவில் இருக்கும் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் கர்நாடகத்தில் கௌரிபிதனூரில் நிலத்தடி அறையில் முறுக்குத் தராசு கட்டி அதைத் தேடியவர்களில் உண்டு, விசை தட்டுப்படவில்லை. 2017 ஆகஸ்ட் 17-இல் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியபோது, ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 1.7 வினாடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. ஈர்ப்பலையின் வேகம் ஒளியின் வேகத்திலிருந்து வேறுபடும் என்று சொன்ன மாற்றுக் கொள்கைகளில் ஒரு கட்டே அந்த ஒரே நாளில் கழிந்தது. அடுத்த கழித்தலுக்கு நம் மாநிலத்தில் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா என்ற ஈர்ப்பலை ஆய்வகம் வருகிறது. அப்புறம் "ஈர்ப்புக்காந்தம்" என்று ஒரு சொல்லை எங்காவது படித்தால் ஏமாறாதீர்கள். சுழலும் நிறை தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் லேசாக இழுத்துச் சுழற்றும். சமன்பாடு காந்தத்துடையதைப் போல இருப்பதால் வந்த பெயர். செயற்கைக்கோளில் சுழல்பந்துகள் வைத்து அளந்து 2011-இல் முடிவு சொன்னார்கள். காந்தம் அங்கே பெயரில் மட்டும்.

இனி உங்களுக்கு நியாயம் செய்ய வேண்டும். ஈர்ப்பும் காந்தமும் உண்மையிலேயே மல்லுக்கட்டும் இடங்கள் இருக்கின்றன. நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு மேகத்தைச் சுருக்கப் பார்க்கிறது. மேகத்துக்குள் ஓடும் காந்தப்புலம், சுருக்கச் சுருக்க, ஸ்பிரிங் மாதிரி எதிர்க்கிறது. நம் சந்திரசேகரும் ஃபெர்மியும் 1953-இல் சேர்ந்து எழுதிய கட்டுரை இதைத்தான் கணக்குப் போட்டது. மேகத்தின் நிறைக்கும் அதில் ஊடுருவும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம் ஒரு எல்லைக்குள் இருந்தால் காந்தம் தாங்கும். தாண்டினால் மேகம் சரிந்து நட்சத்திரமாகும். அங்கே புலம் பூமியினுடையதைப் போல பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம், ஆனால் பரப்பு ஒளியாண்டுக் கணக்கில். வாயுவில் கொஞ்சமாவது மின்னூட்டத் துகள் இருப்பதால்தான் காந்தத்துக்குப் பிடி கிடைக்கிறது. கவனித்தீர்களா, அங்கேயும் காந்தம் ஆள் பார்த்துத்தான் பழகுகிறது.

இன்னும் விசித்திரம் ஒன்று. வங்காளத்தைச் சேர்ந்த சுதாங்ஷு தத்த மஜும்தார் 1947-இல் ஐன்ஸ்டைன் சமன்பாடுகளுக்கே ஒரு தீர்வு கண்டார். அதே வருடம் பாப்பாபெட்ரூவும் தனியாகக் கண்டார். அதில் மின்னூட்டமுள்ள நிறைகள் எந்த இடத்தில் வைத்தாலும் அப்படியே நிற்கும், ஈர்ப்பும் மின்விலக்கலும் துல்லியமாகச் சமன். நிபந்தனை, ஒவ்வொரு கிலோவுக்கும் 0.086 நானோகூலும் மின்னூட்டம், எல்லாவற்றுக்கும் அதே விகிதம், கூடவும் கூடாது குறையவும் கூடாது. பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்தால் இதைவிட அதிகம் வந்துவிடும். காகிதத்தில் அழகான சமநிலை. இயற்கையில் அந்த விகிதத்தோடு பிறந்த பொருள் எதுவும் கைக்குக் கிடைத்ததில்லை.

2023-இல் செர்ன் ஆய்வகத்தில் செய்தது இதைவிட உங்கள் புத்தகத்துக்கு நெருக்கம். எதிர் ஹைட்ரஜன், அதாவது மின்னூட்டங்கள் தலைகீழாக இருக்கும் ஹைட்ரஜன், கீழே விழுமா, மேலே போகுமா என்ற கேள்வி. அந்த அணுக்களைச் செங்குத்தான காந்தப் பொறியில் அடைத்து, மேல் மூடியையும் கீழ் மூடியையும் மெல்லத் தளர்த்தினார்கள். இரண்டு முனைக்கும் இடையே நாலரை காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் சின்ன அலகு) வித்தியாசம் வைத்தால் அந்த அணுவுக்கு ஈர்ப்பைச் சமன் செய்யும் அளவு காந்தம் ஆகிறது. அந்த வித்தியாசத்தைக் கூட்டியும் குறைத்தும், எந்தப் பக்கம் எத்தனை தப்பின என்று எண்ணினார்கள். கீழேதான் விழுகிறது. காந்தத்தை எதிர்த்தட்டில் வைத்து ஈர்ப்பை நிறுத்தார்கள். நாலரை காஸ் என்று அளந்து வைத்த எதிர்த்தட்டு அது.

பூமியின் சொந்தக் காந்தப்புலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மாமாவிடம் சொல்லுங்கள். நிலைக்காந்தம் இல்லை. இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை இழந்துவிடும், பூமியின் கரு ஐயாயிரம் டிகிரியை ஒட்டியது. உருகிய இரும்பு அங்கே மேலும் கீழும் புரண்டு ஓடுவதால் மின்னோட்டம் பிறந்து புலம் உண்டாகிறது. லேசானது மேலே வர, கனமானது கீழே போக வேண்டுமே, அதற்கு ஈர்ப்பு வேண்டும். ஈர்ப்பு இல்லை என்றால் அந்தப் புரளலே இல்லை. புத்தகம் எதிரி என்று சொல்கிற ஆள்தான் காந்தத்துக்குச் சம்பளம் கொடுக்கிறார்.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். ஒரு தையல் ஊசியை நல்ல காந்தத்தில் ஒரே பக்கமாக முப்பது தடவை தேயுங்கள். நகைக் கடையில் வைத்திருக்கும் நுண்தராசில், மாட்டுங்காவில் தெரிந்த கடை இருந்தால் கெஞ்சிக் கேட்டு, முன்னும் பின்னும் நிறுங்கள். அப்புறம் இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் சிவக்கச் சுட்டு, ஆறவிட்டு, காந்தம் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு மறுபடி நிறுங்கள். சுட்ட ஊசியில் மெல்லிய கரும்படலம் படியும், அதைக் கணக்கில் வையுங்கள். எடையில் வித்தியாசம் தெரிந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். எழுதுவதற்கு முன் தராசைக் கவிழ்த்து, பேட்டரி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.